மெண்டஸ் வீட்டுப் பிள்ளைகள்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் ஆண்டுதோறும் செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரை ஹிஸ்பானிக் பாரம்பரிய மாதம். ஹிஸ்பானிக் என்றால் மெக்சிகோ, புவேர்ட்டோ ரிக்கோ போன்ற ஸ்பானிய மொழி பேசும் இடங்களில் வேர்கொண்ட மக்கள். டாக்கோ, சல்சா நடனம், பேஸ்பால் வீரர்கள் என்று கொண்டாட்டம் களைகட்டும். நல்லதுதான். ஆனால் அந்த மக்கள் அமெரிக்காவுக்குத் தந்ததில் பெரியது ஒரு வழக்கு என்பேன்.

இரண்டாம் உலகப் போர்க்காலம். கலிபோர்னியாவின் வெஸ்ட்மின்ஸ்டர் ஊரில் ஓர் அத்தை, தன் பிள்ளைகளோடு தம்பி பிள்ளைகளையும் பள்ளியில் சேர்க்கக் கூட்டிப்போனார். அவருடைய பிள்ளைகள் சிவந்த நிறம். குடும்பப் பெயரும் மெக்சிகோப் பெயர்போல் இல்லை. அவர்களுக்கு இடம் உண்டு என்றார்கள். தம்பி மகள் சில்வியா மெண்டஸ் மாநிறம். அவளும் தம்பிகளும் மெக்சிகோப் பிள்ளைகளுக்கான பள்ளிக்குப் போகவேண்டுமாம். அத்தைக்கு வந்ததே கோபம்! ஒருவரையும் சேர்க்காமல் எல்லோரையும் திருப்பிக் கூட்டிவந்துவிட்டார்.

சில்வியாவின் அப்பா கொன்சாலோ மெக்சிகோவில் பிறந்தவர். அம்மா ஃபெலிசிடாஸ் புவேர்ட்டோ ரிக்கோக்காரர். அவர்கள் பயிரிட்டது குத்தகை நிலம். நிலத்தின் சொந்தக்காரர்களான ஜப்பானிய வம்சாவளிக் குடும்பத்தை, எதிரி நாட்டு வம்சம் என்று அரசு முகாமில் அடைத்து வைத்திருந்தது. அந்த அநியாயத்தின் நிழலில் கிடைத்த வருமானம்தான் இந்த வழக்குக்கும் கைகொடுத்தது. கொன்சாலோ ஊர் ஊராக ஆதரவு தேடி அலைந்தார். ஃபெலிசிடாஸ் பண்ணையைப் பார்த்துக்கொண்டார். 1945இல் ஐந்து குடும்பங்கள் சேர்ந்து, பிள்ளைகளைப் பிரித்துவைத்த பள்ளி நிர்வாகங்கள்மேல் வழக்குத் தொடுத்தன.

மெக்சிகோப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் போதாது, சுத்தம் போதாது என்று கல்வி அதிகாரியே கூண்டேறிச் சொன்னார். அப்புறம் ஒரு மாணவி சாட்சி சொல்ல வந்தாள். சரளமான ஆங்கிலத்தில் பேசினாள். ஆங்கிலம் போதாது என்ற வாதம் அங்கேயே ஆட்டம் கண்டுவிட்டது.

1946இல் குடும்பங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 1947இல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. அதே ஆண்டு ஆளுநர் ஏர்ல் வாரன், பள்ளிகளில் இனப் பிரிவினைக்கு இடம் தந்த மாநிலச் சட்டப் பிரிவுகளை நீக்கும் மசோதாவில் கையெழுத்திட்டார். மேல்முறையீட்டில் இவர்களுக்கு ஆதரவாக மனு எழுதியவர்களில் ஒருவர் கறுப்பின வழக்கறிஞர் தர்குட் மார்ஷல். 1954இல் தீர்ப்பான புகழ்பெற்ற பிரவுன் வழக்கில் வாதாடியவர் இதே மார்ஷல். நாடு முழுவதும் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று அதில் தீர்ப்பு வாசித்த உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி, இதே வாரன்.

சில்வியாவுக்கு 2011இல் ஒபாமா நாட்டின் உயரிய குடிமக்கள் விருதை அணிவித்தார். கொன்சாலோ 1964இலேயே காலமாகிவிட்டார். பிரவுன் வழக்கை அறிந்த அமெரிக்கர்களிலேயே பலருக்கு இன்னும் அவர் பெயர் தெரியாது.