மேலேயும் தண்ணீர், கீழேயும் தண்ணீர்

சுங்கை சிப்புட் வட்டார நேயர்களுக்கு வணக்கம். ஆட்டிறைச்சி வேக மறுத்தால் பச்சைப் பப்பாளித் துண்டு ஒன்றைப் போடுகிறோமே, அங்கே வேலை செய்வது பப்பேன் என்ற நொதி. பப்பாளிப் பாலில் அது தனியாக இருப்பதில்லை. கைமோபப்பேன் போன்ற பங்காளிகளும் கூடவே இருக்கிறார்கள். அவர்களைப் பிரித்து வைப்பது எப்படி?

எண்ணெயும் தண்ணீரும் பிரிவது தெரிந்ததுதான். தண்ணீரும் தண்ணீரும் பிரியுமா? பிரியும். 1896-இல் பெய்ரிங்க் என்ற டச்சு அறிஞர் ஜெலட்டினையும் அகரையும் கரைத்துக் கலந்தார். நம் வீட்டுப் பிள்ளைகள் சாப்பிடும் அதே அகர் அகர்தான். கலங்கிய கரைசல் இரண்டு அடுக்காகப் பிரிந்தது. 1950-களில் சுவீடனின் உப்சாலாவில் ஆல்பர்ட்சன் என்ற ஆய்வாளர், பாலிஎத்திலீன் கிளைகால் என்ற, தண்ணீரில் கரையும் பாலிமரையும் பாஸ்பேட் உப்பையும் வைத்து இதை ஆய்வுக்கூடக் கருவியாக்கினார். இரண்டு அடுக்கிலும் பெரும்பகுதி தண்ணீரே. அதனால்தான் அசிட்டோன் போன்ற கரைப்பானில் கெடும் நொதி இங்கே பிழைக்கிறது.

இனி அளவு. மொத்தம் 100 கிராம். பாலிஎத்திலீன் கிளைகால் 6000 (எண் அதன் மூலக்கூறு எடை; இனி சுருக்கமாகக் கிளைகால்), நூற்றுக்கு 50 கரைசலில் 16 கிராம். அமோனியம் சல்பேட், நூற்றுக்கு 40 கரைசலில் 37.5 கிராம். வடிகட்டிய பப்பாளிப் பால் கரைசல் 20 கிராம். மீதி 26.5 கிராம் தண்ணீர். எல்லாமே கிராம், கவனியுங்கள். கிளைகால் கரைசல் பாகு மாதிரி பிப்பெட் என்ற அளவுக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மில்லிலிட்டரில் அளந்தால் கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடும், அளவு குறையும், அடுக்கே பிரியாமல் போகலாம். தராசில் வையுங்கள். திரும்பவும் சொல்கிறேன், தராசில் வையுங்கள்.

செம்பனைக்குப் போடுகிற அமோனியம் சல்பேட் மலிவாயிற்றே என்று கேட்கலாம். வேண்டாம். உரத்தில் உலோக மாசு கலந்திருக்கலாம். பப்பேன் வேலை செய்யத் தேவையான கந்தக முனையை அது முடக்கிவிடும். ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டுகிறவர்களுக்குப் புரியும்: இரும்புக் கத்தியால் பப்பாளியைக் கீறினாலும் இதே கேடுதான். துருப்பிடிக்காத கத்தியால் மேலாகக் கீறினால் போதும்.

குழாயை மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்குங்கள். அடித்துக் குலுக்கினால் நுரைதான் மிஞ்சும். அரிசி கழுவிய நீர் போல வெளுத்த கலவை, நிற்க நிற்கத் தெளியும். அடர்த்தி வேறுபாடு குறைவு, அவசரப்பட்டால் சுழல் கருவியில் (சென்ட்ரிஃபியூஜ்) சுழற்றி எடுக்கலாம். மேலே கிளைகால், பப்பேன் அங்கேதான் ஏறும். கீழே உப்பு. நடுவில் பாலாடை போல வெள்ளைத் தோல் கட்டினால், பப்பாளிப் பாலை அதிகம் ஊற்றிவிட்டீர்கள் என்று அர்த்தம். 20 கிராமை 10 ஆக்கி, குறைவதைத் தண்ணீரால் நிரப்புங்கள், தோல் மெலியும்.

நேரம் முடியப்போகிறது என்று கை காட்டுகிறார்கள். புரதம் அளக்கும்போது நொதி சேர்க்காத அடுக்கை ஒப்பீட்டுக்கு வையுங்கள், கிளைகால் கணக்கைக் குழப்பும். நொதியிலிருந்து கிளைகாலைப் பிரிப்பதுதான் பெரிய தலைவலி. சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் ஊடுபிரிப்புப் பையில் (டயாலிசிஸ்) உப்பு வெளியேறிவிடும், கிளைகால் லேசில் போகாது. மேல் அடுக்கோடு புதிய உப்புக் கரைசல் சேர்த்து, அமிலத்தன்மையை மாற்றி, நொதியைக் கீழே இறக்கப் பார்க்கலாம். அதற்கு எந்த அளவு என்பதை இன்னொரு நாள் பேசுவோம். வணக்கம்.