"சும்மாதான் இருக்கேன்"

நேயர்களுக்கு வணக்கம். குடும்பநல வழக்குகளை நடத்தும் எனக்கு ஒரு சொல்லோடு வெகுநாள் வழக்கு. 'சும்மா' என்கிற சொல். விவாகரத்துக்கு வரும் பெண்ணிடம், "என்னம்மா வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டால், "சும்மாதான் மேடம் வீட்டுல இருக்கேன்" என்பார்.

பத்தொன்பது வருடம் குடும்பம் நடத்திய ஒரு பெண்ணும் அதையேதான் சொன்னார். ஒரு நோட்டைக் கொடுத்து, "சேர்ந்து இருந்தப்போ ஒரு நாள் எப்படிப் போச்சு, அதை மட்டும் எழுதிட்டு வாங்க" என்றேன். "இதுல எழுத என்ன மேடம் இருக்கு?" என்றபடி வாங்கிப் போனவர், மறுநாள் மூன்று பக்கம் எழுதிக் கொண்டுவந்தார். படுத்த படுக்கையாக இருந்த மாமியாருக்குப் புண் வராமலிருக்க ராத்திரி பத்து மணி, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று எழுந்து புரட்டிப் படுக்க வைத்திருக்கிறார். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: "அவர் மாசத்துல பாதி நாள் டூர்." அந்த வரியின் கீழ் நான் சிவப்பு மையால் கோடு போட்டேன். அந்த டூரால்தான் கணவருக்குப் பதவி உயர்வு வந்தது. பதவி உயர்வால் வீட்டுக் கடன் கிடைத்தது. வீடு அவர் பெயரில். அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் அவர் டூர் போயிருக்க முடியுமா, நீங்களே யோசித்துப் பாருங்கள்.

சிலர் சமையலுக்கு இவ்வளவு, பிள்ளை பார்க்க இவ்வளவு என்று சம்பளம் போட்டுக் கூட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கூலி கணக்குப் போட்டால் அவர் அந்த வீட்டில் வேலைக்கு இருந்தவராகிவிடுகிறார். நான் கேட்பது கூலி அல்ல, சேர்ந்த சொத்தில் பங்கு. திரும்பவும் சொல்கிறேன், பங்கு.

ஜீவனாம்சம் இருக்கிறதே என்பீர்கள். அது பெரும்பாலும் இனிமேல் பிழைப்பதற்கான பணம்: அவருக்கு என்ன தேவை, இவரால் எவ்வளவு முடியும் என்று பார்ப்பது. அந்தப் பத்தொன்பது வருட உழைப்பு அதற்குள் அடங்காது. மணவாழ்க்கையில் சேர்ந்த சொத்து இருவருக்கும் பொது என்று கோவாவின் சிவில் சட்டம் சொல்கிறது. நாட்டின் பெரும்பாலான பகுதிகளில் அப்படியொரு சட்டம் இல்லை.

இதில் என்னை உறுத்துவது வேறொன்று. ஒரு இல்லத்தரசி சாலை விபத்தில் இறந்துபோனால், அவருடைய வீட்டு வேலைக்கு வருமானம் கணக்கிட்டுத்தான் இழப்பீடு கொடுக்கிறார்கள். 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை மறுபடியும் உறுதி செய்தது. வீட்டு வேலையில் பெண்கள் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாகச் சொல்லும் 2019ஆம் ஆண்டு அரசுக் கணக்கெடுப்பு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. அதே பெண் உயிரோடு, விவாகரத்து கேட்டு வந்து நின்றால் அந்த நிமிடங்கள் எங்கே போகின்றன?

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழி காட்டியது. அது விவாகரத்து வழக்கல்ல, சொத்துத் தகராறு. கணவர் வெளிநாட்டில் சம்பாதித்தார், மனைவி இங்கே குடும்பத்தைப் பார்த்தார். மனைவி விடுமுறையில்லாமல் பார்த்த வேலையும் சொத்து சேர்வதற்கான பங்களிப்புதான் என்று சொல்லிப் பாதிப் பங்கு கொடுத்தது. சம்பாதித்தவர், வீட்டைப் பார்த்தவர் என்று பாகுபாடு கூடாது என்று இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டிலேயே தீர்ப்பு வந்துவிட்டது.

எந்தெந்த ஆவணங்களைத் திரட்ட வேண்டும் என்று விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், நேரம் முடிகிறதென்று கை காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நகை அடகு வைத்த ரசீது, வங்கிப் புத்தகம், வீட்டுக் கடன் காகிதம், எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வையுங்கள். நீங்கள் வேலையை விட்டு நின்றவரானால் அந்த ராஜினாமாக் கடிதமும் வேண்டும். மனுவில் தொழில் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுத வக்கீலை விடாதீர்கள். வணக்கம்.