ஏற்காட்டுத் தோட்டத்திலிருந்து: ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும் என்ன செய்யணும்?

வணக்கம் மக்களே! ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துக்குள் இருந்து பேசுகிறேன். பழம் பறிக்கிற நேரம், அதனால் பின்னால் பேச்சுச் சத்தம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். காலையில் இங்கே வேலை செய்கிற அக்காக்களுக்கும் அண்ணன்களுக்கும் முதலுதவி வகுப்பு எடுத்தேன். அவ்வளவு நல்ல கேள்விகளாகக் கேட்டார்கள். சேலத்தில் பட்டறை வைத்திருக்கிறவர்களுக்கும் வீட்டில் இருக்கிறவர்களுக்கும் அது போய்ச் சேர வேண்டும் என்றுதான் சூட்டோடு சூடாக இந்த வீடியோ.

சேலம் டவுனுக்குள் ஏதாவது ஆனால் சீக்கிரமே ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடலாம். இங்கே தோட்டத்து மண்பாதையைத் தாண்டி ரோட்டுக்கு வரவே நேரமாகும். பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். அவ்வளவு நேரமும் ஆள் நம் கையில்தான் இருக்கிறார். அவரை மேலும் கெடுக்காமல் டாக்டரிடம் ஒப்படைப்பதுதான் நம் வேலை. நான் வகுப்பு எடுக்கிற இடங்களில் பார்த்தவரைக்கும், அக்கறை இல்லாமல் யாரும் யாரையும் கெடுப்பதில்லை. பதறிப்போய், சும்மா நிற்க மனசு வராமல், எதையாவது செய்து கெடுத்துவிடுகிறோம்.

பாம்புக்கடியில் இது நன்றாகத் தெரியும். மேஸ்திரி அண்ணன் முதலில் கேட்டதே இதைத்தான்: "கடிச்ச இடத்துக்கு மேலே கயிறு போட்டு இறுக்கிட்டா விஷம் ஏறாதுதானே?" ஊரில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் நம்புகிறார்கள். தயவுசெய்து கட்டாதீர்கள். இறுக்கிக் கட்டினால் கீழே ரத்த ஓட்டம் நின்றுபோகும். கண்ணாடி விரியன் மாதிரிப் பாம்பு கடித்த காலில் ஏற்கெனவே சதை கெட்டுக்கொண்டிருக்கும், கட்டு அதை இன்னும் வேகமாகக் கெடுக்கும். நாகமோ கட்டுவிரியனோ கடித்திருந்தால், கட்டை அவிழ்க்கிற நொடியில் தேங்கின விஷம் மொத்தமாக ஏறி மூச்சு நின்றுபோகவும் கூடும். அதனால்தான் யாராவது முன்பே கட்டிவிட்டிருந்தால் அதை வழியில் நீங்களாக அவிழ்க்காதீர்கள். விஷமுறிவு மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டு டாக்டர் அவிழ்ப்பார். கீறிவிடுவது, வாயால் உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது எதுவுமே வேண்டாம்.

சரி, அப்புறம் என்னதான் செய்வது? கேமராவைக் கீழே திருப்புகிறேன், பாருங்கள். இந்த அக்கா காலைக் கொடுத்து உதவுகிறார். கணுக்காலுக்கு மேலே கடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலையாகக் கொலுசையும் மெட்டியையும் கழற்றுகிறேன். கால் வீங்க ஆரம்பித்துவிட்டால் கொலுசு சதைக்குள் பதிந்துகொள்ளும், அப்புறம் வெட்டித்தான் எடுக்க வேண்டும். கையில் கடித்திருந்தால் மோதிரம், வளையல், வாட்ச். அடுத்து, எலும்பு முறிந்தால் மட்டை வைத்துக் கட்டுவோமே, அதே மாதிரி. இங்கே மூங்கிலுக்குப் பஞ்சமில்லை. பாதத்திலிருந்து முழங்காலைத் தாண்டித் தொடை வரைக்கும் நீளமாக வைக்கிறேன். தலைத்துண்டை மடித்து மூன்று இடத்தில் கட்டுகிறேன். கடித்த இடத்தின் மேல் கட்டு வரக்கூடாது. இதோ, துண்டுக்கு அடியில் என் விரல் தாராளமாகப் போய்வருகிறது. இவ்வளவு தளர்வு போதும். கால் ஆடாமல் இருக்க வேண்டும், ரத்தம் ஓட வேண்டும்.

தசை வேலை செய்யச் செய்ய விஷம் உடம்பில் வேகமாகப் பரவும். அதனால் கடிபட்டவரை நடக்க விடாதீர்கள், ஓட விடவே கூடாது. நாற்காலியில் வைத்துத் தூக்கலாம், கம்பளியில் கிடத்தித் தூக்கலாம். பைக்கைத் தவிர வேறு வழியே இல்லையென்றால், நடுவில் உட்காரவைத்துப் பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். வாந்தி வந்தால் இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவையுங்கள். பக்கத்தில் இருக்கிறவர்கள் அழுது புலம்பாமல் நிதானமாகப் பேசிக்கொண்டே வர வேண்டும். கடிக்கிற பாம்பெல்லாம் விஷப்பாம்பு இல்லை, விஷப்பாம்பும் கடிக்கும்போதெல்லாம் விஷத்தை ஏற்றுவதில்லை. தைரியம் சொல்வதற்கு உண்மையே போதும்.

பெரியவர்கள் மிளகையோ சிறியாநங்கை இலையையோ மெல்லக் கொடுத்து, காரம் தெரிகிறதா, கசக்கிறதா என்று பார்ப்பார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் விஷம் ஏறியிருக்கிறதா என்று நாக்கு சொல்லாது. ஆஸ்பத்திரியில் புதுக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிஷம் ஆடாமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையவில்லையென்றால் கண்ணாடி விரியன் மாதிரிப் பாம்பின் விஷம் ரத்தத்தைக் கெடுத்துவிட்டது என்று தெரிந்துவிடும். மிளகு சோதனையில் போகிற அரை மணி நேரம் வண்டியில் போயிருந்தால் இந்தச் சோதனையே முடிந்திருக்கும்.

பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டியதும் இல்லை. அதைத் துரத்தப் போய் இன்னொருவர் கடி வாங்குவதுதான் மிச்சம். தள்ளி நின்று போனில் ஒரு போட்டோ கிடைத்தால் எடுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். நம் நாட்டில் கொடுக்கிற விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கும் சேர்த்துத் தயாரிப்பது. மலைச் செடிகளில் சுருண்டு கிடக்கிற பச்சை நிற மூங்கில் விரியன் அந்த நான்கில் சேராது. அதன் கடிக்கு வீக்கத்தையும் ரத்தப்போக்கையும் பார்த்து வேறு மாதிரி வைத்தியம் செய்வார்கள். போட்டோ அங்கே டாக்டருக்குப் பெரிய உதவி.

லைன் வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், தரையில் பாய் விரித்துப் படுக்கிறவர்கள் கட்டுவிரியனைப் பற்றிக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அது ராத்திரியில் நடமாடும். கடித்தால் பெரிசாக வலிக்காது, வீங்காது, பல் பட்ட தடம்கூடச் சில நேரம் தெரியாது. விடிகாலையில் ஒருவர் வயிறு வலிக்கிறது என்று எழுந்து, கண் இமை தானாகக் கீழே விழுகிறது, எச்சில் விழுங்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது என்றால் சோடா வாங்கிக் கொடுத்துக்கொண்டு இருக்காதீர்கள், உடனே வண்டியைக் கூப்பிடுங்கள். படுக்கும்போது கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிடுங்கள். கட்டில் இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்து, மரத்திலிருந்து விழுவது. காப்பி முடிந்ததும் மிளகு பறிப்பு ஆரம்பிக்கும். சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி எவ்வளவு உயரம் ஏறுகிறார்கள் என்று இங்கே வந்து பார்த்தால்தான் தெரியும். விழுந்தவரைப் பார்த்ததும் நம் கை தானாகச் செய்வது, தூக்கி உட்காரவைத்து முகத்தில் தண்ணீர் தெளித்து ஒரு மடக்கு குடிக்கக் கொடுப்பது. முதுகெலும்பு உடைந்திருந்தால் அந்த ஒரு தூக்கலில் தண்டுவடம் நசுங்கி, ஆயுசுக்கும் கால் வராமல் போகலாம். அவர் எப்படிக் கிடக்கிறாரோ அப்படியே கிடக்கட்டும். தலைமாட்டில் ஒருவர் மண்டி போட்டு, இரண்டு கையாலும் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். "கால் விரலை ஆட்டு பார்ப்போம்" என்று கேளுங்கள். ஸ்ட்ரெச்சர் வரும் வரைக்கும் தலையைப் பிடித்தவர் விடக்கூடாது. வாந்தி எடுத்தாலோ மூச்சு அடைத்தாலோ மட்டும், நாலு பேர் சேர்ந்து தலை, தோள், இடுப்பு, கால் எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பும்படி ஒருக்களித்துத் திருப்புங்கள்.

அரிவாள் வெட்டுக்குக் காப்பித்தூளை அப்புகிற பழக்கம் இந்த மலையிலும் உண்டு, கீழேயும் உண்டு. வேண்டாம். டாக்டர் அதை ஒவ்வொரு துணுக்காகக் கழுவி எடுக்க வேண்டியிருக்கும், இல்லையென்றால் உள்ளே சீழ் பிடிக்கும். சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்க்காதீர்கள், உறைந்துகொண்டு வருகிற ரத்தம் பிய்ந்துபோகும். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்று வைத்து அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குச்சியோ கண்ணாடியோ குத்தி நின்றால் பிடுங்காதீர்கள், அதைச் சுற்றித் துணி வைத்து அப்படியே கொண்டுபோங்கள்.

இப்போது கீழே சேலத்துக்கு வருகிறேன். செவ்வாப்பேட்டைப் பக்கம் வீட்டின் முன்னறையே கொலுசுப் பட்டறை. வெள்ளியைப் பற்றவைக்கப் பொடி வைத்து ஊதுகிற இடத்தில் நெருப்பு, பாலிஷ் போடுகிற இடத்தில் ஆசிட், அதே வீட்டில் பிள்ளைகள். ஆசிடைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். மாற்றி, ஆசிடில் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் அடிக்கும். கண்ணில் தெறித்தால் தேய்க்காமல், அந்தக் கண் கீழ்ப்பக்கம் இருக்கும்படி தலையைச் சாய்த்து, குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் கழுவிவிட்டு அதற்கப்புறம் ஆஸ்பத்திரி. தீப்புண்ணுக்கும் அதே 20 நிமிஷம் ஓடுகிற தண்ணீர்தான். பேஸ்ட், இங்க், மாவு எதுவும் பூசக்கூடாது.

நைட்ரிக் ஆசிடில் வெள்ளியைக் கரைக்கும்போது செம்பழுப்பாகப் புகை வரும், பட்டறைக்காரர்களுக்குத் தெரியும். அதை இழுத்துவிட்டால் அப்போதைக்கு இருமல் வரும், வெளியே வந்து காற்று வாங்கினால் சரியாகிவிட்ட மாதிரி இருக்கும். அந்தச் சமாதானத்தை நம்பாதீர்கள். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து, ராத்திரியில் மூச்சு முட்டும். புகையை நிறைய இழுத்தவரை நன்றாக இருக்கும்போதே டாக்டரிடம் காட்டி, என்ன புகை என்று பெயர் சொல்லுங்கள். ஜன்னல் இல்லாத அறையில் இந்த வேலையைச் செய்யவே கூடாது, இதில் எனக்கு விட்டுக்கொடுக்கிற பேச்சே கிடையாது. கழிவுத் தொட்டிக்குள் மயங்கி விழுந்தவரைக் காப்பாற்ற இன்னொருவர் குதிப்பதும் அப்படித்தான். மாஸ்க், கர்சீப் எதுவும் தொட்டிக்குள் தேங்கிய விஷவாயுவைத் தடுக்காது. வெளியே நின்று தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வலிப்பு வந்தவர் கையில் சாவி, இரும்பு எதையும் திணிக்க வேண்டாம், வாயிலும் எதையும் வைக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து மணி பாருங்கள், ஐந்து நிமிஷத்தைத் தாண்டினால் ஆஸ்பத்திரி. தறிப்பட்டறையில் ஷாக் அடித்தால் ஆளைத் தொடும் முன் மெயினை அணையுங்கள். நாய் கடித்தால் சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி போடுங்கள். வலி குறைந்துவிட்டது என்று அடுத்த ஊசிகளை விட்டுவிடாதீர்கள்.

மலை ரோட்டில் விபத்தைப் பார்த்தும் போலீஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டுமே என்று பயந்து வண்டியை நிறுத்தாமல் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது உதவி செய்கிறவருக்கு அதிலேயே பாதுகாப்பு கொடுத்துவிட்டார்கள். உங்கள் பெயரைச் சொல்லச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு ஆரம்பித்த 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, அதற்கான வரம்பு வரைக்கும் அரசே ஏற்கிறது. பெங்களூரிலிருந்து ஏற்காடு பார்க்க வந்தவராக இருந்தாலும் அது உண்டு. பணம் யார் கட்டுவது என்று யோசித்து நிற்காதீர்கள்.

கடைசியாக 108. "ஏற்காட்டுல எஸ்டேட்டுல இருந்து பேசுறேன்" என்றால் வண்டி எங்கே வரும்? எந்த ரோடு, எந்த ஊரைத் தாண்டி, எந்தக் கேட், உள்ளே வண்டி வருமா, ரோட்டில் யார் நிற்பார்கள், இவ்வளவையும் சொல்ல வேண்டும். பதற்றத்தில் இதெல்லாம் வாயில் வராது. அதனால் மேஸ்திரி அண்ணனும் நானும் இப்போது ஸ்டோர் சுவரில் பெயின்ட்டால் எழுதப் போகிறோம். போனில் அப்படியே பார்த்துப் படித்தால் போதும். தோட்டத்துக்குள் எந்த இடத்தில் டவர் கிடைக்கும் என்பதையும் பக்கத்திலேயே எழுதுகிறோம். உங்கள் பட்டறையிலும் வீட்டிலும் ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில் இதேபோல் எழுதி ஒட்டுங்கள்.

அடுத்த வீடியோ, இதயத் துடிப்பு நின்றவருக்கு நெஞ்சை அழுத்துவது பற்றி மட்டும்தான். நிமிஷத்துக்கு 100-லிருந்து 120 தடவை, ஐந்து ஆறு சென்டிமீட்டர் ஆழம் என்று வாயால் சொன்னால் கைக்கு வராது, என்னோடு சேர்ந்து செய்துதான் பழக வேண்டும். கெட்டியான தலையணை ஒன்றை எடுத்துத் தரையில் போட்டு வையுங்கள், வந்துவிடுகிறேன்.