அலமாரிக்காக எழுதிய இசை

வணக்கம் நேயர்களே.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக, சென்னையில் சாலிகிராமத்துக்கும் வடபழனிக்கும் இடைப்பட்ட டப்பிங் கூடங்களில் ஒலித்தொகுப்பாளனாக வேலை பார்த்துவருகிறேன். அதில் பாதிக் காலம் கார்ட்டூன்களோடு போனது. "இசையைப் பற்றிப் பேசுங்கள்" என்று நிலையத்தார் அழைத்தபோது, என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த ஊரில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்களே என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒரு மனிதரைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றியது. அவரை நான் பார்த்ததில்லை. அவருடைய இசையை, அவரை விரும்புகிறவர்களைவிடவும் அதிகத் தடவை கேட்டிருப்பேன். கூலிக்குக் கேட்டது என்பதுதான் வேறுபாடு.

டப்பிங்குக்கு வரும் படத்தில் ஒலி இரண்டாகப் பிரிந்து வரும். ஒன்றில் வசனம். மற்றொன்றில் இசையும் ஓசைகளும் மட்டும். அதை நாங்கள் எம் அண்ட் ஈ தடம் என்போம். ஆங்கில வசனத்தைக் கழற்றிவிட்டுத் தமிழ் வசனத்தைப் பூட்டுவோம். இசையில் கை வைக்கமாட்டோம். ஆக, வாய் தமிழ் பேசினாலும் அந்தப் பூனை நடக்கும்போது பின்னால் ஒலிப்பது அமெரிக்காவில் என்றோ வாசித்த அதே கிளாரினெட்தான். ஒரு நாள் வேலையில் இருக்கும்போது எனக்கு ஒன்று பிடிபட்டது. காலையில் ஒரு கரடி கூடையைத் திருடப் பதுங்கியபோது வந்த இசையே, மாலையில் வேறொரு தொடரில், வேறொரு நாய் வேலியைத் தாண்டியபோதும் வந்தது. சுரம் மாறவில்லை, வாத்தியம் மாறவில்லை, நீளம்கூட மாறவில்லை. யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அது ஏமாற்று இல்லை. ஹாய்ட் கர்ட்டின் என்ற அமெரிக்கக் கார்ட்டூன் இசையமைப்பாளரின் பிழைப்பு.

1922இல் கலிஃபோர்னியாவின் டௌனி நகரில் பிறந்தவர் கர்ட்டின். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்தார். திரும்பிவந்து தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இசை படித்தார். சினிமாவுக்கு இசையமைக்க வேண்டும் என்பது ஆசை; சோறு போட்டதோ விளம்பரம். முப்பது நொடியில் ஒரு பொருளின் பெயரைக் காதில் ஒட்டவைக்கும் வேலை அது. கார்ட்டூன் பக்கமும் அவ்வப்போது வந்து போனார். கிட்டப்பார்வைக் கிழவர் மிஸ்டர் மகூ விமானத்தைத் திரையரங்கு என்று நினைத்து ஏறிவிடும் 1954ஆம் ஆண்டுக் குறும்படத்துக்கு இசை அவருடையதுதான். படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. அவர் விளம்பரத்துக்கே திரும்பிப் போனார்.

கர்ட்டினுக்கு முந்தைய தலைமுறை எப்படி வேலை செய்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். வார்னர் நிறுவனத்தில் கார்ல் ஸ்டாலிங் என்று ஒருவர் இருந்தார். மௌனப்படக் காலத்தில் கான்சஸ் சிட்டி திரையரங்கில் ஆர்கன் வாசித்தவர். 1936 முதல் 1958 வரை, ஏறத்தாழ வாரம் ஒன்று என்ற கணக்கில் கார்ட்டூன்களுக்கு இசை எழுதினார். ஐம்பது பேர் கொண்ட வாத்தியக் குழு. ஒவ்வொரு படத்துக்கும் புதிதாக, ஒவ்வொரு அடிக்கும் உதைக்கும் தனித்தனியாக. ஃபிலிம் நொடிக்கு 24 கட்டங்கள் ஓடும். பன்னிரண்டு கட்டங்களுக்கு ஒரு தட்டு என்று வைத்தால் நிமிடத்துக்கு 120 தட்டு. எட்டுக்கு ஒன்று என்றால் 180. அந்தத் தட்டுகளை வாத்தியக்காரர்களின் காதில் 'டிக், டிக்' என்று ஒலிக்கவிட்டு வாசிக்கவைப்பார்கள். பூனையின் தலையில் வாணலி விழும் கட்டத்தில் தாளம் இம்மியும் பிசகாமல் விழுவது அப்படித்தான். எம்ஜிஎம் பட நிறுவனத்தில் டாம் அண்ட் ஜெர்ரிக்கு எழுதிய ஸ்காட் பிராட்லி இன்னும் ஒரு படி மேலே போனவர். இசையமைப்பாளர் ஷோன்பெர்க் பன்னிரண்டு சுரங்களுக்கும் சம இடம் கொடுத்து வகுத்த பன்னிரு சுர முறையை, சபையில் உட்கார்ந்து கேட்கவே பலர் முகம் சுளித்த அந்த முறையை, பூனை எலிச் சண்டையில் சத்தமில்லாமல் நுழைத்துவிட்டார்.

1957இல் எம்ஜிஎம் அந்தக் கார்ட்டூன் பிரிவையே மூடியது. டாம் அண்ட் ஜெர்ரிக்கு ஏழு ஆஸ்கர் வாங்கித் தந்த வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் தெருவுக்கு வந்தார்கள். தொலைக்காட்சிதான் போக்கிடம். தொலைக்காட்சியிடம் காசு இல்லை. ஏழு நிமிடப் படத்துக்குப் பல பத்தாயிரம் டாலர் செலவழித்துப் பழகியவர்களுக்கு, ஐந்து நிமிடப் படத்துக்கு மூவாயிரம் டாலரைக்கூட எட்டாத தொகைதான் கிடைத்தது. அந்தப் பணத்தில் ஒழுங்காக நடக்கும் கால்களை வரைய முடியாது. உடம்பு அசையாமல் நிற்க, வாய் மட்டும் அசையும். ஓடினால் பின்னால் அதே மரம், அதே நாற்காலி, மறுபடி அதே மரம். பாத்திரங்களுக்குக் கழுத்துப் பட்டையும் டையும் மாட்டியதற்கும் காரணம் உண்டு: தலையை மட்டும் தனியாக வரைந்து மாற்றினால், ஒட்டும் இடத்தைக் கழுத்துப் பட்டை மறைத்துவிடும்.

படம் அசையாதபோது அசைவு எங்கிருந்தாவது வந்தாக வேண்டும் அல்லவா? காது வழியாக வந்தது.

ஒரு பீர் விளம்பர வேலையில் கர்ட்டினுக்கும் இவர்கள் இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டிருந்தது. இருவரும் சேர்ந்து தொடங்கிய புதிய நிறுவனத்தின் முதல் தொடருக்குத் தலைப்புப் பாடல் வேண்டும் என்று தொலைபேசியில் அழைத்தார்கள். வரிகளைப் படித்துக் காட்டினார்கள். ஐந்து நிமிடத்தில் இவர் திரும்ப அழைத்து, மெட்டைப் போட்டுத் தொலைபேசியிலேயே பாடினார். அந்தப் பக்கம் பேச்சே இல்லை. கெடுத்துவிட்டோம் என்று நினைத்தாராம். அதையே பதிவு செய்துவிடலாம் என்று பதில் வந்தது. இதைக் கர்ட்டின் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். ரஃப் அண்ட் ரெட்டி என்ற அந்தத் தொடர் 1957 டிசம்பரில் ஒளிபரப்பானது. அதன் பிறகும் பல பாடல்களுக்கு வேலை இதே வேகத்தில்தான் நடந்தது. விளம்பரக்காரருக்கு ஐந்து நிமிடம் என்பது தாராளம்.

இப்போது ஃபிளிண்ட்ஸ்டோன்ஸ். கற்காலக் குடும்பம், கல்லால் ஆன கார், காலால் உந்தி ஓட்டுவது. 1960 செப்டம்பர் 30 அன்று தொடங்கியது. இது குழந்தைகளுக்கு என்று எடுத்ததே இல்லை என்பது இன்று பலருக்கும் வியப்பாக இருக்கும். இரவு எட்டரை மணிக்கு, பெரியவர்களுக்காக, ஒரு சிகரெட் நிறுவனத்தின் விளம்பர ஆதரவோடு வந்த தொடர் அது. நமக்குத் தெரிந்த அந்தத் தலைப்புப் பாடலும் முதல் இரண்டு பருவங்களில் கிடையாது. அப்போது வெறும் வாத்திய இசை. மூன்றாம் பருவத்தில், 1962இல்தான் பாட்டு வந்தது. அதன் மெட்டு அதற்கு முன்பே பின்னணி இசையாக உள்ளே உலவிக்கொண்டிருந்தது. அறைக்குள் வேலை செய்துகொண்டிருந்த பையனைக் கூப்பிட்டு வாசலில் உட்காரவைத்ததுபோல.

அந்த மெட்டை வாசித்துப் பாருங்கள், ஒரு வேடிக்கை தெரியும். அடியில் இருப்பது அமெரிக்க இசையமைப்பாளர் கெர்ஷ்வின் 1930இல் எழுதிய ஒரு பாடலின் சுர அடுக்கு, அதாவது மெட்டுக்குத் துணையாகச் சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்களின் வரிசை. ஜாஸ் கலைஞர்கள் அந்த அடுக்கின்மேல் நூற்றுக்கணக்கான புதிய மெட்டுகளைக் கட்டியிருக்கிறார்கள். நம்மிடம் வர்ணமெட்டு என்று ஒன்று உண்டு: மெட்டை வைத்துக்கொண்டு சொல்லை மாற்றுவோம். அவர்கள் அடியில் இருக்கும் அடுக்கை வைத்துக்கொண்டு மெட்டை மாற்றுவார்கள். அதனால்தான் எந்த ஊர் ஜாஸ் குழுவும் ஒத்திகை இல்லாமலே இந்தக் கார்ட்டூன் பாட்டை எடுத்து அரை மணி நேரம் விளையாட முடிகிறது. கர்ட்டின் எழுதியது பெரியவர்களின் இசை. குழந்தைகள் அதைப் பரம்பரைச் சொத்தாகப் பெற்றுக்கொண்டார்கள்.

அதே 1962இல் வந்த ஜெட்சன்ஸ் பாடலில் நான்கு பேரின் பெயர்களையும் உறவையும் தவிர வேறு சொல் கிட்டத்தட்ட இல்லை. அப்பா, மகன், மகள், மனைவி. ரேஷன் அட்டையில் இருப்பதைப் பாடியதுபோல. மற்றதை எல்லாம் பித்தளை வாத்தியங்கள் பார்த்துக்கொள்கின்றன. முதலில் எடுத்தது 24 பகுதிகள்தான். அதையே இருபது ஆண்டுகளுக்கு மேல் மறுஒளிபரப்பு செய்தார்கள்.

இனி, நான் ஏமாற்று என்று சந்தேகித்த விஷயத்துக்கு வருகிறேன். தொடக்கக் காலத் தொடர்களில் பின்னணி இசைக்கே பணம் இல்லை. வாடகை இசைத்தட்டுகளை வாங்கி ஒட்டினார்கள். பிறகு கர்ட்டினே பின்னணியையும் எழுதத் தொடங்கினார். ஆனால் ஸ்டாலிங்கைப்போலக் காட்சியைப் பார்த்து எழுதவில்லை. பதுங்குவதற்கு ஒன்று, துரத்துவதற்கு மூன்று, வழுக்கி விழுவதற்கு, அழுவதற்கு, விடிவதற்கு, அசடு வழிவதற்கு என்று நொடிக்கணக்கில் சிறு சிறு துண்டுகள். எல்லாவற்றையும் மொத்தமாகப் பதிவு செய்து அலமாரியில் அடுக்கினார்கள். படம் வந்ததும் தொகுப்பாளர் அலமாரியைத் திறந்து பொருத்தமானதை எடுத்து ஒட்டுவார். ஒரு தொடருக்கு எழுதியது இன்னொரு தொடரில் ஒலிக்கும்.

ரசனை உள்ளவர்கள் இதை இளக்காரமாகப் பேசுவார்கள். நானும் பேசியிருக்கிறேன். இப்போது என் கருத்து வேறு. எந்தக் கரடி, எந்த வேலி என்று தெரியாமலே பதுங்கல் என்பதன் பொதுக்குணத்தைப் பதினோரு நொடியில் பிடிப்பது எளிதல்ல. எங்கே வெட்டினாலும் முடிந்ததுபோல இருக்க வேண்டும். நடுவில் வசனம் வந்தால் ஒதுங்க வேண்டும், வராவிட்டால் இடத்தை நிரப்ப வேண்டும். ஆயத்த ஆடை தைக்கிறவருக்கும் அளவெடுத்துத் தைக்கிறவருக்கும் உள்ள வேறுபாடு இது. யாருடைய தோளுக்கும் பொருந்தும் சட்டையை ஒருமுறை தைத்துப் பார்த்தவருக்குத்தான் அதன் சிரமம் தெரியும்.

அவருக்கும் அளவெடுத்துத் தைக்க ஒரு வாய்ப்பு வந்தது. 1964இல் ஜானி குவெஸ்ட். சாகசத் தொடர், 26 பகுதிகள்தான். ஜானியின் தோழனாக வரும் ஹாஜி கல்கத்தாவில் அறிமுகமாகும் இந்தியச் சிறுவன். தலைப்பாகை, மந்திரம் என்று நமக்குச் சற்று எரிச்சல் தரும் இந்தியாதான், போகட்டும். தலைப்பு இசைக்குக் கர்ட்டின் ஒரு பெரிய ஜாஸ் குழுவைக் கூட்டினார். டிராம்போன் என்பது குழாயை நீட்டிச் சுருக்கி வாசிக்கும் வாத்தியம். கர்ட்டினுக்கும் அது வாசிக்கத் தெரியும். தெரிந்தவர் செய்யும் குறும்பைச் செய்தார்: கை எட்டாத, வழக்கமில்லாத நிலைகளில் எல்லாம் போய்வர வேண்டிய சுருதியாகப் பார்த்து அந்த மெட்டை எழுதினார். லாஸ் ஏஞ்சலிஸின் மிகச் சிறந்த கலைஞர்கள் வியர்த்துப்போனார்களாம். அந்தப் பதிவைக் கேட்டால், சிறுவன் தப்பி ஓடும் பரபரப்பு உங்களைத் தொற்றிக்கொள்ளும். அது பாதி கதையின் பரபரப்பு, பாதி டிராம்போன்காரர்களின் பரபரப்பு.

அதன்பின் சில ஆண்டுகள் அவர் அந்த நிறுவனத்தில் இல்லை; டெட் நிக்கோல்ஸ் என்பவர் அந்த நாற்காலியில் இருந்தார். அதனால் 1969இல் வந்த ஸ்கூபி டூவின் தலைப்புப் பாடலைக் கர்ட்டின் கணக்கில் எழுதுவது தவறு. அது டேவிட் மூக், பென் ராலி இருவருடையது. 1970களில் திரும்பிவந்தார். 1981இல் ஸ்மர்ஃப்ஸ். நீல நிறக் குள்ளர்கள், அவர்களைப் பிடிக்கப் பூனையோடு அலையும் மந்திரவாதி கார்கமெல். அதில் மேற்கத்தியச் செவ்விசையை அள்ளி அள்ளி எடுத்துப் பயன்படுத்தினார்கள். கார்கமெல் வரும்போது ஒலிப்பது ஷூபர்ட்டின் முடிவுறாத சிம்பொனி. எனக்குத் தெரிந்து அந்த சிம்பொனியைக் கேட்டதும் "ஐயோ, பூனையோடு வருகிறான்" என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். ஷூபர்ட் இதற்கு வருத்தப்பட்டிருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

1980களின் பிற்பகுதியில் ஓய்வு பெற்றார். 2000 டிசம்பர் 3 அன்று இறந்தார்.

கடைசியாக, என் சொந்தக் கதை ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் பழைய தொடர் ஒன்று தமிழுக்கு வந்தது. ஒரு பகுதியில் ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்கு எம் அண்ட் ஈ தடமே இல்லை. ஆங்கில வசனத்தை எடுத்தால் இசையும் கூடவே போய்விடுகிறது. அனுப்பியவர்களைக் கேட்டோம்; இருப்பது அதுதான் என்றார்கள். மறுநாள் ஒப்படைக்க வேண்டும். நாய் மொட்டைமாடியில் பதுங்கிப் போகிறது, பின்னால் நிசப்தம். இரவு பதினொன்றரைக்கு, அதே தொடரின் வேறு பகுதிகளைத் திறந்து தேடினேன். நாலாவதில் கிடைத்தது. பதுங்கல், பதினோரு நொடி. பிறகு ஒரு துரத்தல், பிறகு ஒரு விழுதல். மூன்றையும் ஒட்டினேன். கால் வைக்கும் இடத்தில் கிளாரினெட்டும் கால் வைத்தது. நான் எதையும் இழுக்கவோ நறுக்கவோ வேண்டியிருக்கவில்லை. பரிசோதித்தவர் அந்தப் பகுதியைப் பார்த்துவிட்டு வசனத்தில் இரண்டு திருத்தம் சொன்னார். இசையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வேலைக் குறிப்பேட்டில், எந்தப் பகுதியிலிருந்து எதை எடுத்தேன் என்று எழுதிவைத்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பினேன். நன்றி, வணக்கம்.