முப்பது நாளில் உங்களுக்கு எத்தனை நாள்?

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

மாத இலக்கு வைப்பவர்கள் பெரும்பாலும் 1-ந்தேதியைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். தோற்பதற்கு அதைவிடப் பொருத்தமான தேதி கிடையாது. வாடகை, பால் கணக்கு, மளிகை, பள்ளிக் கட்டணம், சீட்டுப் பணம் எல்லாம் முதல் பத்து நாளில்தான் வந்து நிற்கும். அதனால் தமிழ் மாதப் பிறப்பில் தொடங்குங்கள். அது ஆங்கிலத் தேதி 13-லிருந்து 18-க்குள் வரும். நல்ல நாள் என்பதற்காகச் சொல்லவில்லை. அந்த வாரத்தில் வீடு கொஞ்சம் மூச்சு விடும், அதற்காகத்தான். இரவு வேலை, வார வேலை என்று இருப்பவர்கள் தங்களுக்கு எந்த வாரம் லேசானதோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

இலக்கை எழுதும் முன் ஒரு கழித்தல் கணக்கு போட வேண்டும். சமையலறையில் பால் பாக்கெட்டும் சிலிண்டர் வந்த தேதியும் குறிக்கிறோமே, கட்டம் போட்ட மாதக் காலண்டர், அதை எடுங்கள். முப்பது நாள். ஞாயிறு நான்கு போகட்டும். பிள்ளைக்குப் பரீட்சை இருந்தால் ஐந்து நாள் உங்கள் மாலை உங்களுடையதல்ல. இரண்டு கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்வர நான்கு நாள். காய்ச்சல், விருந்தாளி என்று மூன்று. மிச்சம் 14. பெயர் தெரியாத தொல்லைக்கு இன்னும் இரண்டைக் கழியுங்கள். உங்கள் மாதம் 12 நாள்தான்.

ஆகவே 'தினமும் நடப்பேன்' என்று எழுதாதீர்கள். அந்தத் 'தினமும்'தான் வினை. நான்காம் நாள் தவறியதும் இலக்கே உடைந்ததாக மனம் முடிவு கட்டிவிடும். '12 நாள், 20 நிமிஷம்' என்று எழுதினால் நான்காம் நாள் தவறினாலும் கணக்கு அப்படியே நிற்கும். மொத்தம் 4 மணி நேரம். குறைவாகத் தெரியலாம். ஆனால் அது நிஜமாகவே நடந்த 4 மணி நேரம்.

அடுத்தது, எப்போது செய்வது. கடிகார மணியைக் கட்டிக்கொள்ள வேண்டாம். தண்ணீர் லாரி வந்தாலோ கரண்ட் போனாலோ ஆறரை மணி ஏழரை ஆகிவிடும். ஒரு செயலோடு முடிச்சுப் போடுங்கள்: 'பள்ளி வேன் கிளம்பியதும், வீட்டுக்குள் திரும்பாமல் அப்படியே நடை.' வீட்டுக்குள் காலை வைத்தால் சிங்க்கில் கிடக்கும் பாத்திரம் கூப்பிடும். பக்கத்திலேயே சின்ன அளவு ஒன்றையும் எழுதுங்கள்: முடியாத நாளில் மொட்டை மாடியில் 5 நிமிஷம். அதற்கும் ஒரு குறி உண்டு. முழு நடைக்குப் பெருக்கல் குறி, சின்ன நடைக்கு ஒற்றைக் கோடு.

இத்துடன் ஒரே தடவையில் முடிகிற வேலை ஒன்றும் இருக்கலாம். உதாரணமாக, வங்கிக் கணக்கில் நாமினி சேர்ப்பது. 'இந்த மாதம் பேங்க் வேலை' என்று எழுதினால் அது அடுத்த மாதமும் அப்படியே இருக்கும். பாஸ் புத்தகத்தைத் தேடுவது, ஆதார் ஜெராக்ஸ் எடுப்பது, படிவம் நிரப்புவது, போய்க் கொடுப்பது என்று நான்கு துண்டாக்கி நான்கு தேதிகளில் எழுதுங்கள். 2015 செப்டம்பரிலிருந்து இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் வங்கி கிடையாது. முதல் அல்லது மூன்றாம் சனியை வட்டமிடுங்கள். ஒரு பழக்கம், ஒரு வேலை. மூன்றாவதாக ஒன்று தோன்றினால் காலண்டரின் பின்பக்கம் எழுதி வையுங்கள், அது காத்திருக்கும்.

சரி, எங்கே கெடுகிறது?

வீட்டில் சொல்லாமல் தொடங்குவதில்தான் பெரும்பாலும் கெடுகிறது. 'எனக்குக் கொஞ்சம் உதவி பண்ணுங்க' என்றால் யார் காதிலும் விழாது. 'செவ்வாயும் வெள்ளியும் வேன் போனதும் 25 நிமிஷம் சின்னவனைப் பார்த்துக்குங்க, அத்தை' என்று கேட்டால் நாள், நேரம், ஆள் மூன்றும் தெளிவு. முடியாது என்றாலும் அன்றே தெரிந்துவிடும்.

இன்னொன்று, விட்டதைப் பிடிப்பது. இரண்டு நாள் தவறியதற்காக மூன்றாம் நாள் ஒரு மணி நேரம் நடந்தால் முழங்கால் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் போய்விடும். எடையை இலக்காக வைப்பதும், மகனின் மதிப்பெண்ணை வைப்பதும் உதவாது. ஒன்று உங்கள் கையில் முழுக்க இல்லை. மற்றது உங்கள் இலக்கே இல்லை.

தமிழ் மாதக் கணக்கில் ஒரு வசதி. பாதியில் காலண்டர் தாளைத் திருப்பியாக வேண்டும். திருப்பும் முன் குறிகளை எண்ணி, புதுத் தாளின் மூலையில் எழுதுங்கள். இல்லாவிட்டால் பழைய கணக்கு தாளுக்குப் பின்னால் போய்விடும். ஆறு இருந்தால் சரி. மூன்றுக்குக் கீழே என்றால் சோம்பல் என்று உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். முடிச்சுப் போட்ட இடம்தான் தவறு. வேனுக்குப் பதில் மாலைக் காபிக்கு மாற்றிப் பாருங்கள். 20 நிமிஷத்தை 10 ஆக்குங்கள்.

வீட்டிலேயே கல்யாணம் இருக்கிற மாதத்தில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அந்த மாதத்துக்கு இலக்கே வேண்டாம். தாளின் மேல் 'லீவு' என்று எழுதிவிட்டு, அதற்கடுத்த தமிழ் மாதப் பிறப்பை மட்டும் பென்சிலால் வட்டமிட்டு வையுங்கள். பந்தல்காரர் தேதி மாற்றினால் அழித்து எழுதலாம்.