பழனி நடையா, தண்ணி முறையா? அய்யனைப் பற்றி ஒரு தம்பி கேட்ட கேள்வி

வணக்கமுங்க. இந்த வாரம் சந்தேகங்களுக்கு விளக்கம் சொல்லும் பகுதிக்குத் தென்னை வெள்ளை ஈயைப் பற்றித்தான் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் வேலந்தாவளத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருப்பதைப் படிக்கிறேன்: "அண்ணா, உங்க அய்யன் முப்பது வருஷத்துக்கு மேல தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தார்னு போன வீடியோவுல சொன்னீங்க. தை மாசம்தானே ரெண்டாம் போகத்துக்கு வாய்க்கால் தண்ணி ஓடும்? முறை வர்ற அன்னைக்கே நடைக்கும் கிளம்பணும்னா, அவர் எதை விடுவார்?"

வயலில் கால் வைத்தவனுக்குத்தான் இப்படிக் கேட்கத் தோன்றும். அய்யன் (எங்கள் பக்கம் அப்பாவை இப்படித்தான் கூப்பிடுவோம்) போன ஐப்பசியில் தவறிவிட்டார். இருந்திருந்தால் இந்தத் தம்பியைக் கூப்பிட்டு மோர் கொடுத்திருப்பார்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கேரளா என்றதும் எந்நேரமும் மழை என்று நினைப்பீர்கள். நாங்கள் இருப்பது கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, சித்தூர் தாலுகாவின் ஓரத்தில். கரிசல் மண், மழை மறைவு. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தென்னை மட்டையைப் பிய்த்துப் போடும். மேகமோ எங்கள் தலைக்கு மேலே கிழக்கே ஓடிவிடும். நெல் வைக்க வேண்டுமென்றால் ஆழியாற்றுத் தண்ணீர் மூலத்தறைத் தடுப்பணைக்கு வந்து, அங்கிருந்து வாய்க்காலில் இறங்க வேண்டும். 1970-இல் இரண்டு மாநிலமும் கையெழுத்துப் போட்ட பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தத்தில் சித்தூர்ப் பக்கத்துக்கு வருஷம் 7.25 டி.எம்.சி. என்று இருக்கிறது. மணக்கடவு அணைக்கட்டில் அளந்து விட வேண்டும். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. அய்யனுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஆனால் டீக்கடையில் தண்ணீர்ப் பேச்சு வந்தால் "ஏழேகால், ஏழேகால்" என்று சரவணபவ சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருப்பார்.

அந்த ஏழேகாலில் எங்கள் வயலுக்கு வந்து சேர்வது ஒரு முறைக்கு ஒன்றரை மணி நேரம். கிளை வாய்க்காலில் இருக்கிறவர்கள் எங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட கணக்கு. அய்யன் அலாரம் கடிகாரத்தைத் துண்டில் சுற்றி வரப்பில் வைத்திருப்பார். நேரம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போதே மடையில் சாக்கைத் திணித்து, மேலே களிமண்ணை அள்ளிப் போடுவார். மண்வெட்டி விழுகிற ஒவ்வொரு வெட்டுக்கும் "முருகா". கடை வயலுக்குத் தண்ணீர் ஏறாமலே மடையை அடைத்த ராத்திரிகள் எனக்குத் தெரியும். எனக்குக் கோபமாக வரும். அவர் டார்ச்சை அணைத்துவிட்டு நடந்துகொண்டே இருப்பார்.

சரி, தம்பி கேட்டதற்கு வருகிறேன். ஒரு வருஷம் நீங்கள் சொன்ன மாதிரியேதான் ஆனது. சாயங்காலம் கூட்டம் கிளம்புகிறது, அன்றைக்கு ராத்திரி 2.10-க்கு முறை. பக்கத்து வயல்காரர் வந்து, "மாமா, நீங்க கிளம்புங்க, என்ற வயலோட சேர்த்து நானே பாச்சிக்கறேன்" என்றார். "உன்ற நேரத்துல எனக்குத் தண்ணி வேண்டாங் கண்ணு" என்று அய்யன் அனுப்பிவிட்டார். மாலை போட்ட கழுத்தோடு, காவி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கினார். முடிந்ததும் வாய்க்காலிலேயே குளியல், திருநீறு, தனியாக நடை. பொள்ளாச்சி, உடுமலை தாண்டி மூன்றாம் நாள் ராத்திரி மடத்துக்குளத்தில் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டாராம். பொள்ளாச்சியில் பஸ் ஏறியிருக்கலாமே என்று கேட்டேன். "நடக்கறேன்னு சொல்லிப்போட்டு பஸ் ஏறறது, மடையைத் தொறந்து வெச்சுட்டுத் தூங்கற மாதிரிடா" என்றார்.

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? நானும் ரொம்ப நாள் இதைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அம்மா அடுப்படியிலிருந்தே சொன்னார்: "அது ஒரு வருஷம். மத்த வருஷமெல்லாம் ராத்திரி மம்பட்டி பிடிச்சது ஆரு?"

அதுதான் நிஜம் தம்பி. பெரும்பாலும் அவர் நடந்துகொண்டிருக்கும்போதுதான் முறை வரும். பாய்ச்சியது அம்மா. ஒரு வருஷம்கூட அம்மா பழனிக்கு நடந்ததில்லை. கேட்டால், மாட்டுக்கு யார் தண்ணீர் காட்டுவது என்பார். அய்யனைச் சாமி மாதிரி ஆக்கிப் பேச எனக்கு மனசில்லை. கந்த சஷ்டி ஆறு நாளும் பட்டினி கிடந்து எங்கள் மேல் எரிந்து விழுவார். நாங்கள் வீட்டுக்குள் பூனை மாதிரி நடப்போம்.

மாட்டுப் பொங்கலுக்கு மட்டும் ஆளே வேறு. பட்டியில் குட்டியாகக் குழி வெட்டி, சாணத்தால் கரை கட்டி, தண்ணீர் ஊற்றித் தெப்பக்குளம் செய்வார். ஆவாரம்பூ செருகுவது என் தங்கச்சி வேலை. மாடு அதை மிதித்துத் தாண்டும்போது எங்களைவிட அவர் சத்தம்தான் பெரிசாக இருக்கும்: "பட்டி பெருக, பால் பானை பொங்க!" ஒரு தடவை கன்றுக்குட்டி கால் ஊன முடியாமல் படுத்துவிட்டது. உடுமலைக்குப் பக்கத்தில் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலுக்கு உருவாரம், அதாவது மண்ணில் செய்த மாட்டு உருவம், வைப்பதாக வேண்டிக்கொண்டார். வேண்டிக்கொண்ட கையோடு மாட்டு டாக்டரையும் கூட்டி வந்தார். கன்று எழுந்தது. பொங்கலுக்குக் கறந்த பாலும், மண்ணில் செய்த ஒரு கன்றுமாக என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பஸ்ஸில் அந்த மண் கன்றை மடியில் வைத்து, காது உடைந்துவிடாமல் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டே வந்தார்.

காரியம் முடிந்து பெட்டியைக் குடைந்தபோது அவருடைய கணக்கு நோட்டு கிடைத்தது. வில்லேஜ் ஆபீஸில் கொடுத்த வரி ரசீதெல்லாம் மலையாளம். தன் பேரை மட்டும் எழுத்து வடிவத்தை வைத்து அடையாளம் கண்டுகொள்வார். நோட்டு முழுக்கத் தமிழ். பக்கத்துக்குப் பக்கம் பிள்ளையார் சுழி, முறைத் தேதி, நேரம். அந்த ஒரு வருஷத்துக்கு, "2.10 – 3.40. தண்ணி குறைவு. கூட்டம் போய்விட்டது" என்று இருக்கிறது. மற்றத் தை மாசங்களில் எல்லாம், பழனியிலிருந்து வந்து அம்மாவைக் கேட்டு எழுதியது போல, ஒரே வரி: "அம்மிணி பாய்ச்சியது. வரப்பு உடையவில்லை."

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். "ரெண்டு வாட்டி உடைஞ்சுது கண்ணு. நாந்தான் சொல்லலை."

சரி, இப்போது வெள்ளை ஈக்கு வருவோம்.