இருபத்தைந்து டிகிரியில் விளையும் உப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

தூய பொருள், கலவை என்று பள்ளிக்கூடத்தில் ஒரு பாடம் உண்டு. பரீட்சை முடிந்ததும் மறந்துபோகிற பாடம். அதைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். நான் தூத்துக்குடிப் பக்கத்து ஆள், அதனால் உப்பளத்திலிருந்தே தொடங்கிவிடுகிறேன். அந்தப் பாடம் அங்கே வருஷா வருஷம் வெயிலில் நடந்துகொண்டிருக்கிறது.

ஒரு கண்ணாடித் தம்ளரில் கடல் தண்ணீரைப் பிடித்துப் பாருங்கள். தெளிவாக இருக்கும். லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புச் சரக்கு அதில் கரைந்திருக்கிறது. அதில் நாம் சோற்றுக்குப் போடுகிற சோடியம் குளோரைடு சுமார் 27 கிராம்தான். மற்றதெல்லாம் மக்னீசியம் குளோரைடு, மக்னீசியம் சல்பேட், கால்சியம் சல்பேட், கொஞ்சம் பொட்டாசியம். எத்தனை நாள் வைத்திருந்தாலும் இவை அடியில் தங்காது. வடிகட்டினாலும் பிரியாது. கண்ணை மட்டும் நம்பினால் இது ஒரே பொருள் என்றுதான் சொல்வோம்.

இதைப் பாத்தியில் பாய்ச்சிக் காயவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். தண்ணீர் ஆவியாக ஆவியாக, உள்ளே இருப்பவை ஒவ்வொன்றாகப் பிரிகின்றன, அதுவும் ஒரு வரிசையில். முதலில் சுண்ணாம்புச் சத்து படிகிறது. அடுத்து கால்சியம் சல்பேட், அதாவது ஜிப்சம். பத்துப் பங்குத் தண்ணீர் ஒரு பங்காக வற்றுகிற கட்டத்தில்தான் உப்பு பூக்க ஆரம்பிக்கும். உப்பளத்தில் இதைக் கண்மதிப்பாகச் செய்வதில்லை. மிதக்கும் கண்ணாடிக் குழல் ஒன்றைத் தண்ணீரில் விட்டு அடர்த்தி பார்ப்பார்கள். அதன் அளவு போமே டிகிரி. கடல் தண்ணீர் மூன்று, மூன்றரை டிகிரி காட்டும். 25 டிகிரிக்கு வந்தால் உப்பு விளையும். அதற்கு முன்பே ஜிப்சத்தில் பெரும்பகுதி வேறு பாத்தியிலேயே தங்கிவிட்டிருக்கும். 29, 30 டிகிரிக்கு மேல் போகவிடக் கூடாது. போனால் மக்னீசியம் உப்புகளும் சேர்ந்து படிய ஆரம்பித்து உப்பு கசந்துபோகும். அதனால் மிச்சத் தண்ணீரை வெளியே வடித்துவிடுகிறார்கள்.

தண்ணீரை எந்தப் பாத்தியிலிருந்து எந்தப் பாத்திக்கு, எப்போது திறந்துவிடுவது என்ற அந்த ஒரு கணக்கில்தான் கலவையிலிருந்து தூய பொருள் பிறக்கிறது. எந்த மருந்தும் சேர்ப்பதில்லை. உப்புக் கல் வளரும்போது சோடியமும் குளோரினும் மாறிமாறி அடுக்கிக்கொண்டே போகின்றன. அந்த அடுக்கில் மக்னீசியத்துக்கு இடம் பொருந்தாது, அதனால் அது தண்ணீரிலேயே நின்றுவிடுகிறது. கல்லின் மேல் ஒட்டிய ஈரத்தில் மட்டும் கொஞ்சம் தொற்றிக்கொண்டு வரும். உப்பை வாரியவுடன் மூட்டை கட்டாமல் குவித்து வைப்பதில் இதுவும் ஒரு காரணம்: அந்த ஈரம் வடிய வேண்டும். சரியாக வடியாத உப்பு மழைக்காலத்தில் சாடிக்குள்ளேயே அழும். தனிச் சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் ஈரத்தை இழுத்துக் கசியும். மக்னீசியம் குளோரைடுக்கோ 33 சதவீதமே போதும். ஆகவே உங்கள் வீட்டு உப்பு மழையில்லாத நாளிலும் பிசுபிசுத்தால் சந்தேகப்பட வேண்டியது மக்னீசியத்தை.

உப்பளம் காட்டுகிற அடையாளம் இதுதான். தூய பொருள் மாறும்போது முழுசாக, ஒரே நிலையில் மாறும். கலவை மாறும்போது பகுதி பகுதியாக மாறும். அதனால் ஒரு பொருளைச் சும்மா உட்கார்ந்திருக்கும்போது பார்த்துப் பயனில்லை. காய்ச்ச வேண்டும், குளிரவைக்க வேண்டும், வற்றவிட வேண்டும்.

வடிதண்ணீர், அதாவது இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிறோமே அந்தத் தண்ணீர், கடற்கரை ஊரில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். கடைசிச் சொட்டு ஆவியாகும் வரை வெப்பமானி அதே இடத்தில் நிற்கும். உப்புத் தண்ணீரை வைத்தால் அப்படி நிற்காது. நூறைத் தாண்டி, வற்ற வற்ற ஏறிக்கொண்டே போகும். இனி கரையாது என்ற அளவுக்கு உப்பு சேர்ந்த பிறகு 108 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கிறது. கொடைக்கானலில் இந்தச் சோதனையைச் செய்பவர்கள் நூறை எதிர்பார்க்க வேண்டாம். அங்கே காற்றழுத்தம் குறைவு, நல்ல தண்ணீரே 93 டிகிரி வாக்கில் கொதித்துவிடும். எண் ஊருக்கு ஊர் மாறலாம். ஆனால் எந்த ஊரிலும் தூய தண்ணீரின் எண் அசையாமல் நிற்கும்.

மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாதி உறைந்து பாதி ஒழுகுவதைப் பார்த்திருப்பீர்கள். உடனே கடைக்காரரைத் திட்டாதீர்கள். கலப்படமே இல்லாத தேங்காய் எண்ணெயும் பல கொழுப்புகளின் கலவைதான். ஒன்று முன்னே உறையும், இன்னொன்று பின்னே உறையும். நல்ல எண்ணெயைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் கடைசியில் எல்லாம் கட்டியாகிவிடும். மலிவான வேறு எண்ணெய் கணிசமாகக் கலந்திருந்தால் அது மேலே தனி அடுக்காக நிற்கும். சமையல் எரிவாயுவும் இப்படித்தான். அதில் புரோப்பேன், பியூட்டேன் இரண்டும் உண்டு. புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்து வாயுவாகும். பியூட்டேனுக்குக் கிட்டத்தட்ட சுழியம் வேண்டும். கடுங்குளிரில் புரோப்பேன் முந்திக்கொண்டு போய்விட, சிலிண்டரில் சரக்கு இருந்தும் அடுப்பு மந்தமாக எரிவதற்கு அதுதான் காரணம்.

பால்மானியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை அளவுக்கு மேல் நம்புகிறோம். அது அளப்பது அடர்த்தியை மட்டும். தண்ணீர் ஊற்றினால் பாலின் அடர்த்தி குறையும். வெண்ணெயை எடுத்தால் அடர்த்தி கூடும். இரண்டையும் அளவறிந்து செய்கிறவரிடம் பால்மானி தோற்றுப்போகும். இதனால்தான் கொள்முதல் நிலையங்களில் கொழுப்பையும் தனியாகப் பார்க்கிறார்கள். ஒரே ஒரு குணத்தை வைத்துக்கொண்டு ஒரு பொருளுக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது.

நான் மேலே சொன்ன அடையாளத்துக்கும் இது பொருந்தும். வானொலிப் பெட்டியைப் பழுதுபார்க்கிறவர்களுக்கு ஈயப்பற்று தெரியும். தகரம் 63 பங்கு, ஈயம் 37 பங்கு. இது அசல் கலவை. ஆனாலும் 183 டிகிரியில், தூய உலோகத்தைப் போலவே ஒரே புள்ளியில் உருகும். அந்த விகிதம் கொஞ்சம் தவறினால் இடையில் கூழாகி நிற்கும். அந்தக் கூழ்நிலையில் கை அசைந்தால் பற்று கெட்டுப்போகும். நல்ல மெக்கானிக் 63-37 கேட்டு வாங்குவது அதற்காகத்தான். சாராயமும் இப்படி ஏமாற்றும். எத்தனை முறை வடித்தாலும் எத்தனால் எடையில் 95.6 சதவீதத்தைத் தாண்டாது. மீதித் தண்ணீரும் அதனோடு சேர்ந்தே, 78.2 டிகிரியில், சீராகக் கொதிக்கும். வெப்பமானியைப் பார்த்தால் தூய பொருள் என்று சத்தியம் செய்யலாம்.

அப்படியானால் எப்படித்தான் பிடிப்பது? நிலைமையை மாற்றிப் பார்க்க வேண்டும். அழுத்தத்தைக் குறைத்து வடித்தால் அந்த 95.6 நகர்ந்துவிடுகிறது. மிகவும் குறைத்தால் அந்தத் தடையே மறைந்துபோகிறது. தண்ணீர் அப்படி நகராது. ஆவியாக்கினாலும், உறையவைத்தாலும், எந்த ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்தப்படுத்தினாலும், எடையில் ஹைட்ரஜன் ஒரு பங்கு, ஆக்சிஜன் எட்டுப் பங்கு. 1799-இல் ஜோசப் புரூஸ்ட் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் தாமிரக் கார்பனேட்டை வைத்து இதைத்தான் காட்டினார். மண்ணிலிருந்து எடுத்ததிலும், தாமே ஆய்வகத்தில் செய்ததிலும் விகிதம் ஒன்றாகவே இருந்தது. பெர்த்தொலே என்ற பெரிய அறிஞர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. சேர்மங்களின், அதாவது தனிமங்கள் வேதிமுறையில் கூடி உருவான பொருள்களின், விகிதமும் மாறலாம் என்று பல ஆண்டுகள் வாதாடினார். அவர் காட்டிய எடுத்துக்காட்டுகளில் பல, உலோகக் கலவைகளும் கரைசல்களும்தான். அவற்றைக் கலவை என்று புரூஸ்ட் ஒதுக்கியபோதுதான் சேர்மத்துக்கும் கலவைக்கும் நடுவே கோடு விழுந்தது.

நன்றி, வணக்கம்.